600 கிலோ மிச்சம் என்று நம்பிப் போன பயணம்: ஒரு பிக்கப்-ட்ரெய்லர் விபத்தின் நிகழ்வு ஆய்வு

உரிமையாளர் கணக்குப் போடாமல் கிளம்பவில்லை. மினி எக்ஸ்கவேட்டரின் கையேட்டில் 2,650 கிலோ என்று இருந்தது. ட்ரெய்லரின் தகட்டில் வெற்று எடை 850 கிலோ. இரண்டையும் கூட்டினால் 3,500. ட்ரெய்லர் தாங்கக்கூடிய மொத்த எடையும் அதே தகட்டில் 3,500 என்றுதான் இருந்தது. பிக்கப்பின் விளம்பரத் தாள் இழுவைத் திறன் 4,100 கிலோ என்றது. ஆக, ட்ரெய்லருக்குச் சரியாக இருக்கிறது, பிக்கப்புக்கு இன்னும் 600 கிலோ கையில் இருக்கிறது. அந்த 600 கிலோவை நம்பித்தான் நான்கு பேர் விடிவதற்கு முன் கிளம்பினார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து, மலைச்சாலை இறக்கத்தின் கடைசி நேர்ப்பகுதியில் ட்ரெய்லர் கவிழ்ந்து கிடந்தது. பிக்கப் வந்த திசையைப் பார்த்தபடி ஓரத்து மண்மேட்டில் மோதி நின்றது. பின்சீட்டில் இருந்த ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எதிரே அந்த நேரத்தில் எந்த வண்டியும் வரவில்லை என்பதால் இதை நிதானமாக எழுத முடிகிறது. ஆட்களும் இடமும் அடையாளம் தெரியாதபடி விட்டிருக்கிறேன்.

வண்டியைச் சரிபண்ணலாமா, கழித்துவிடலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. 'பிரேக் ஃபெயிலியர்' என்று அவர்களே முடிவு கட்டியிருந்தார்கள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது உண்மைதான். ஆனால் வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது பிக்கப்பின் முன்சக்கர டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ட்ரெய்லரின் பிரேக் டிரம்களில் சூடு பட்ட அடையாளமே இல்லை. நான்கு டன்னுக்கு மேல் எடை கொண்ட ஒரு ட்ரெய்லர் இறக்கம் முழுவதும் பிரேக்கே போடாமல் வந்திருக்கிறது என்றால், 'ஃபெயிலியர்' என்ற ஒரு வார்த்தையில் அதை முடித்துவிட முடியாது.

எடைமேடையில்

முதல் வேலையாக எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போடச் சொன்னேன். எக்ஸ்கவேட்டர் 2,900 கிலோ. கையேட்டில் இருப்பது கூரை மட்டும் உள்ள அடிப்படை மாடலின் எடை. இதில் கண்ணாடி கேபின் இருந்தது, டேங்க் நிறைய டீசல் இருந்தது, செயின் இடுக்குகளில் காய்ந்த சேறு இருந்தது. ட்ரெய்லர் 1,000 கிலோ. வாங்கிய பிறகு கனமான ஏற்றுப்பலகைகளும் ஸ்டெப்னியும் தரையில் இரும்புத் தகடும் சேர்த்திருக்கிறார்கள், ஓரத்துத் தகடு மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தது. பாறை உடைக்கும் கருவியும் இரண்டு கூடுதல் பக்கெட்டும் 360 கிலோ. இந்த 360 யார் கணக்கிலும் வரவில்லை. 'சின்னச் சாமான்' என்று விட்டுவிட்டார்கள்.

மொத்தம் 4,260 கிலோ. அவர்கள் நினைத்ததைவிட 760 கிலோ அதிகம். பிக்கப்பின் 4,100 என்ற இழுவைத் திறனோடு ஒப்பிட்டால் 160 கிலோதான் கூடுதல், 4 சதவீதம்கூட இல்லை. உரிமையாளருக்கு உடனே முகம் தெளிந்தது. "இவ்வளவுதானா? நூத்தி அறுபது கிலோவுக்கா இப்படி ஆகும்?"

ஆகாது. ஆனால் அந்த 4,100 எப்படி வந்த எண் என்று பார்க்க வேண்டும். வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது, 2008இல் வெளிவந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே உள்ள நீண்ட ஏற்றத்தை மாதிரியாக வைத்து, ஏசியை முழுதாக ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் லோடை இழுக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். புறப்பாடு, திருப்பத்தில் நிலைத்தன்மை, நிறுத்தம் எல்லாவற்றுக்கும் தனிச் சோதனை உண்டு. நேர்மையான முறைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், தலா சுமார் 68 கிலோ. அதற்கு மேல் வண்டியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் இழுவைத் திறனிலிருந்து கழியும். விளம்பரத் தாளில் 4,100 பெரிய எழுத்தில் இருக்கும், இந்தக் கழித்தல் பொடி எழுத்தில் இருக்கும்.

இவர்கள் நான்கு பேர், 300 கிலோ. எக்ஸ்கவேட்டருக்காக 20 லிட்டர் டீசல் கேன்கள் பத்து, கேனோடு சேர்த்து 190 கிலோ. கருவிப்பெட்டி 130, பின்தளத்து மூடி 60. ஆக 680 கிலோ. பிக்கப்பின் வெற்று எடை 2,450. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 6,700 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. அன்று சாலையில் ஓடியது 7,390.

அதைவிட மோசமான எண் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சிறிய ஸ்டிக்கரில் இருந்தது. ஆட்களும் சாமானும் சேர்ந்து அந்த வண்டி சுமக்கக்கூடியது 750 கிலோ. ட்ரெய்லரின் மூக்கு, அதை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் அழுத்தும் எடையும் இந்த 750க்குள்தான் வர வேண்டும். டங் வெயிட் என்பார்கள், நான் மூக்கு எடை என்கிறேன். பின்னால் பந்தில் மாட்டி இழுக்கும் ட்ரெய்லருக்கு, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஏற்கெனவே 680 ஏறிவிட்டது, மிச்சம் 70 கிலோ. 70 கிலோ மூக்கு எடைக்கு ஏற்ற ட்ரெய்லர் என்றால் லோடோடு சேர்த்து 700 கிலோவுக்குள்தான் இருக்க முடியும்.

அதாவது அந்த நான்கு பேரும் அந்த டீசலும் வண்டியில் இருக்கும்போது, எக்ஸ்கவேட்டரே இல்லாத வெறும் ட்ரெய்லரைக்கூட அந்த பிக்கப் விதிப்படி இழுத்திருக்க முடியாது.

இதைச் சொன்னபோது உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். விளம்பரத் தாள் 4,100 என்கிறது, 6,700 என்ற மொத்த வரம்பு, வண்டியும் அதில் ஏறியதும் போக 3,570 என்கிறது, கதவு ஸ்டிக்கர் 700க்குள் என்கிறது. மூன்றும் ஒரே வண்டியைப் பற்றியவை, மூன்றும் சரி. எது சிறியதோ அதுதான் வரம்பு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் மட்டும் ஏறி, டீசலையும் கருவிப்பெட்டியையும் வேறு வண்டியில் அனுப்பியிருந்தால் கதவு ஸ்டிக்கர் வரம்புக்குள் வந்திருப்பார்கள். 4,260 கிலோ ட்ரெய்லர் அப்போதும் கூடுதல்தான். ஆனால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பின்பக்கம் உட்கார்ந்தபோது

ட்ரெய்லரின் தரையில் எக்ஸ்கவேட்டர் செயின் பதிந்த தடம் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டுமே புதுத் தடம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் 45 சென்டிமீட்டர் இடைவெளி. இதைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்டேன். இளைஞர், நன்றாக ஓட்டக்கூடியவர், எதையும் மறைக்கவில்லை.

"ஏத்தினதும் பின்னாடி ரொம்ப உக்காந்துடுச்சுண்ணே. ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டுல விழல, மேல போகுது. ஸ்டியரிங்கும் லேசா இருந்துச்சு. அதான் மெஷினைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்தினேன். வண்டி நேரா நின்னுடுச்சு."

இந்த விபத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த நகர்த்தல்தான்.

முதல் தடத்தில் மெஷின் நின்றபோது மூக்கு எடை எவ்வளவு என்று கணக்கிட்டேன். சுமார் 510 கிலோ, மொத்தத்தில் 12 சதவீதம். ட்ரெய்லரைப் பொறுத்தவரை அது மிகச் சரியான இடம். பிக்கப்பால் அதைத் தாங்க முடியவில்லை. ஹிட்ச் பந்து பின் ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 3.6 மீட்டர். சீசா பலகை விளையாட்டு மாதிரிதான். பின்முனையில் 510 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் 694 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 184 கிலோ குறையும். பின் ஆக்சிலின் வரம்பு 1,850, அப்போது அதன்மேல் இருந்தது 2,224. ஹெட்லைட் மேலே போனதும் ஸ்டியரிங் லேசானதும் இதனால்தான்.

வண்டி உட்கார்ந்தது ஒரு சேதி. 'என்னால் முடியாது' என்று பிக்கப் சொன்னது. ஓட்டுநர் அதைக் கேட்டார், ஆனால் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். இப்படி எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். சிலர் பின் ஸ்பிரிங்குக்கு உதவியாக ஏர்பேக் மாட்டிக் காற்றடித்து நிமிர்த்துவார்கள். உயரம் சரியாகும், ஆனால் ஆக்சில், டயர், பிரேக், சட்டம் எதன் வரம்பும் ஒரு கிலோகூட ஏறாது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்குவது மாதிரி.

2,900 கிலோ மெஷினை 45 சென்டிமீட்டர் பின்னால் தள்ளியதும் மூக்கு எடை சுமார் 185 கிலோவுக்கு இறங்கியது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏழு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது. பின் ஆக்சில் 1,782க்கு வந்து வரம்புக்குள் நின்றது. பிக்கப் நிமிர்ந்து, பார்க்க லட்சணமாக நின்றது. ஆனால் மூக்கில் இருப்பது இப்போது 4.3 சதவீதம்தான். வண்டியின் மொத்த எடை இன்னும் வரம்பை 115 கிலோ தாண்டித்தான் இருந்தது. மூக்கிலிருந்து போன எடை எங்கே போகும்? ட்ரெய்லரின் நான்கு டயர்களுக்கு. தலா 900 கிலோ தாங்கக்கூடிய டயர்கள் சராசரியாக 1,020 கிலோ சுமந்தன.

ஹிட்ச்சிலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, சேறு மூடியிருந்ததைத் துடைத்துப் படித்தோம். பல பிக்கப்களில் இருப்பது போல இரண்டு வரி. எடை பகிரும் ஹிட்ச் போட்டால் முழுத் திறன். வெறும் பந்து மட்டும் என்றால் ட்ரெய்லர் 2,270 கிலோ, மூக்கு எடை 227 கிலோ. எடை பகிரும் ஹிட்ச் என்பது இரண்டு வலுவான ஸ்பிரிங் கம்பிகளால் மூக்கு எடையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் இன்னொரு பங்கை ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் திருப்பிவிடும் அமைப்பு. மொத்த எடையை அது குறைக்காது, ஆனால் முன்சக்கரத்துக்குத் தரையின் பிடி திரும்பக் கிடைக்கும். இவர்களிடம் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும் என்றார்கள்.

இறக்கம்

ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. "சும்மா இழுத்துச்சுண்ணே" என்றார் ஓட்டுநர். இன்றைய டீசல் பிக்கப்களில் இன்ஜின் ஓவர்லோடைக் காட்டிக்கொடுக்காது. பழைய வண்டி என்றால் பாதி ஏற்றத்திலேயே முக்கித் திணறி, அதிகம் என்று சொல்லிவிடும். இப்போதுள்ள வண்டிகள் அமைதியாக இழுத்துவிடுகின்றன. இழுக்கிற வலு ஒன்று, நிறுத்துகிற வலு வேறு.

இறக்கம் 5 கிலோமீட்டர், சராசரியாக 6 சதவீதச் சரிவு. செங்குத்தாக 300 மீட்டர் கீழே இறங்க வேண்டும். 7,390 கிலோ 300 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 21.7 மெகாஜூல். 65 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயர் உருளலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கியரை இறக்கினால் இன்ஜின் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை பிக்கப் பிரேக்கும் ட்ரெய்லர் பிரேக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இன்ஜின் எடுத்துக்கொள்ளவில்லை. கியர் டி-யிலேயே இருந்தது, இழுவைக்கான டோ/ஹால் பொத்தானை அழுத்தவில்லை. ட்ரெய்லரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் மின்சார பிரேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி டேஷ்போர்டில் 10க்கு 2 என்ற அளவில் நின்றது. முந்தின நாள் காலி ட்ரெய்லரோடு ஓடியபோது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியதால் குறைத்து வைத்திருக்கிறார்கள். காலிக்கு அது சரி. லோடு ஏற்றிய பிறகு திரும்ப ஏற்ற வேண்டும், மறந்துவிட்டார்கள். எனக்கு இந்த மறதிமேல் கோபம் வரவில்லை. கைக்கு அடக்கமான ஒரு குமிழ், இருட்டில் கிளம்பும் அவசரம், யாருக்கும் நடக்கலாம்.

ஆக எல்லாச் சூடும் பிக்கப்பின் டிஸ்க்குகளுக்கே போனது. பிரேக் ஆயிலும் பழையது. அது காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியே போதும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். பெடல் பஞ்சானது இப்படித்தான்.

நான்காவது கிலோமீட்டரில் கருகல் வாசனை வந்ததாக நால்வருமே சொன்னார்கள். சாலை நேராக இருந்தது. பிரேக் ஆறட்டும் என்று ஓட்டுநர் காலை எடுத்தார். நல்ல எண்ணம்தான். வேகம் ஏறியது.

ஏழு விநாடி

மீதி டேஷ் கேமராவில் இருந்தது. வேகம் 83. ஒரு பேருந்து முந்துகிறது. பெரிய வண்டி முந்தும்போது அது தள்ளும் காற்று முதலில் ட்ரெய்லரின் வாலை ஓரத்துக்குத் தள்ளும், கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். முன்சாளரத்தில் தெரியும் சாலை மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து திரும்பி வருகிறது. முதல் ஆட்டம். சாதாரணமாக இது அதுவாகவே அடங்கிவிடும்.

இது அடங்கவில்லை. மூக்கு கனமாக இருந்தால் ட்ரெய்லர் ஆடும்போது அதன் டயர்கள் அதை நேருக்குத் திருப்பும். வால் கனமாக இருந்தால் அந்தத் திருப்பும் வலு குறையும், ஊசல் மாதிரி ஆடத் தொடங்கும். வேகம் ஏற ஏற ஆட்டத்தை அடக்கும் தன்மை குறைந்துகொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எது என்பதை எடை, எடை உட்கார்ந்திருக்கும் இடம், மூக்கு நீளம், டயர் காற்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். இங்கே ட்ரெய்லர் டயர்கள் ஓவர்லோடில் நசுங்கிப் பக்கவாட்டில் குழைந்தன. இறக்கத்தில் ட்ரெய்லரே பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டும் வந்தது.

இரண்டாவது ஆட்டம் பெரிதாக இருந்தது. மூன்றாவதில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். நான்காவதில் பிரேக்கை முழுதாக மிதித்தார். பெடல் பாதி உள்ளே போய், பிறகு கொஞ்சம் பிடித்தது. அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. முன்னால் வண்டி வேகம் குறைய, பின்னால் பிரேக் இல்லாத நான்கு டன் கோணலாக நின்று தள்ள, பிக்கப் கத்தி மடங்குவது போல மடங்கியது. பேருந்து முந்தியதிலிருந்து கேமரா இருட்டானது வரை ஏழு விநாடி.

அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, மனித இயல்புக்கு நேர் எதிரானது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி பிரேக்கை மிதிக்காமல், டேஷ்போர்டுப் பெட்டியில் உள்ள கைநெம்புகோலால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட வேண்டும். பின்னால் இழுத்துப் பிடித்தால் ட்ரெய்லர் நேராகும். ஆனால் அளவு 2இல் இருக்கும்போது, அந்த எடைக்கு, அதுவும் உதவியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏழு விநாடிக்கு முன்னாலேயே எல்லாம் முடிவாகிவிட்டது.

"பத்து தடவை போயிருக்கோம்"

உரிமையாளரின் கடைசி வாதம் இது. இதே வண்டி, இதே ட்ரெய்லர், இதே மெஷின், பத்துத் தடவைக்கு மேல். ஒரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை.

பத்தும் எங்கே என்று கேட்டேன். சமதளம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர், வேகம் 50க்குள். பெரும்பாலும் இரண்டு பேர், டீசல் கேன் ஒன்றிரண்டு. மெஷின் முன்தள்ளி நின்றிருக்கிறது. 50இல் அடங்கும் ஆட்டம் 83இல் அடங்காது. அந்தப் பத்துப் பயணமும் வண்டி தாங்கியதற்குச் சாட்சியாகாது. வண்டி சோதிக்கப்படவே இல்லை என்பதற்குத்தான் சாட்சி. அவர் ஏற்றுக்கொண்டாரா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அறிக்கையில் பிரேக் ஃபெயிலியர் என்ற சொல்லை நான் எழுதவில்லை. 'கதவுத் தூண் ஸ்டிக்கர் வரம்பு மீறல், அதை மறைக்கும்படி லோடு பின்தள்ளப்பட்டது' என்று முதல் வரியில் எழுதினேன். பிரேக் ஆயில், குமிழ் அளவு, டயர், கியர் எல்லாம் அதற்குக் கீழே வந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம் என்றும் சேர்த்தேன்.

பிக்கப்பின் சட்டம் வளையவில்லை, சரிசெய்யலாம் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்கவேட்டர் இப்போது தட்டை லாரியில் போகிறது. பிக்கப் பின்னால் இழுப்பது ஒரு சின்ன ரோலரை மட்டும், ட்ரெய்லரோடு சேர்த்து 2,100 கிலோ, முதல் தடவை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மூக்கைத் தனியாக மேடையில் வைத்துப் பார்த்தபோது 220. ரோலரின் முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று ஓட்டுநர் ட்ரெய்லர் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். பழைய செயின் தடம் இரண்டும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இன்னும் அப்படியே இருக்கின்றன.